நம் சூடு ஆறும்வரை

இப்போதெல்லாம் ஈட்டி தானாகவே காத்திருக்கிறதாம். ஷாலினி போனில் சொன்னாள். எங்கள் நிலையத்தில் எனக்குப் பிறகு வேலைக்கு வந்த பெண். என் மேசை இப்போது அவளுக்கு, என் நாற்காலியின் ஆட்டமும் அவளுக்கு. புதுக் கருவியை ஏரியின் அடியில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமாம். அது மாதக்கணக்கில் சேற்றில் நின்று வெப்பத்தைத் தானே பதிந்துகொள்ளுமாம். கூப்பிட்டால் மிதந்து மேலே வருமாம். படகில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

"சாரே, நீங்களொக்க அந்த நேரம் முழுக்க என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலை மோளே. அதுதான் வேலை."

சிரித்தாள். "அதை எழுதித் தாங்க. புதுசா வந்த பிள்ளைங்க படிக்கட்டும். சும்மா இருந்து சம்பளம் வாங்கின வித்தை."

ஷாலினி சுள்ளிக்கல்லில் வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழில் எழுதினால் அவள் அம்மா வாசிக்க இவள் கேட்பாளாம். ஆகவே இது முதலில் அவள் அம்மாவுக்கு.

நான் விருப்ப ஓய்வு வாங்கியவன். வயது ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. தரையிலும் தலை படகைப்போல ஆடத் தொடங்கியதும் டாக்டர் போதும் என்றார், எழுதிக் கொடுத்துவிட்டேன். மட்டாஞ்சேரியில் ஓர் இஞ்சிக் கிடங்குக்கு மேல் என் அறை. பகல் முழுவதும் கீழே சாக்குகள் விழும் ஓசை. ஒவ்வொன்றும் விழுந்தவுடன் காது ஒரு கணம் எதையோ எதிர்பார்த்து நிற்கிறது. என்னவென்று தெரியும். ஒரு கனம் கீழே போய் எதிலோ குத்தி நின்ற பிறகு வரும் நீண்ட மௌனம். அதில்தான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது.

பள்ளுருத்தியில் இருக்கும் என் தங்கை ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்போடு வருவாள். அறையைச் சுற்றிப் பார்ப்பாள். "பூமிக்கு ஜுரம் பார்க்க ஆப்பிரிக்கா வரைக்கும் போன ஆளு. எனக்கு ஜுரம் வந்தப்போ ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தந்தியா அண்ணா?" என்பாள். இருபது முறையாவது கேட்டிருப்பாள். குழம்பை வைத்துவிட்டுப் போவாள்.

ஜுரம் பார்ப்பது என்று அவள் சொல்வது முழுத் தவறும் அல்ல. பூமி உள்ளே சூடானது, வெளியே அதைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு கசிகிறது என்பதுதான் கேள்வி. மிகக் கொஞ்சம். ஒரு கால்பந்து மைதானம் அளவு நிலத்திலிருந்து வெளியேறும் சூட்டை எல்லாம் சேர்த்தாலும் ஓர் இஸ்திரிப் பெட்டிக்குக் காணாது. தரையில் அதை அளப்பது கடினம். வெயில், மழை, மரம், கிணறு எல்லாம் குறுக்கே வரும். ஆழ்ந்த நீருக்கு அடியில் உள்ள சேறு அப்படி இல்லை. வெயிலைப் பற்றி அது கேள்விப்பட்டதே இல்லை. பல நூறு ஆண்டுகளாக இருட்டில், அசையாத நீருக்குக் கீழே, மெல்ல மெல்லப் படிந்து கிடக்கிறது. கீழிருந்து வரும் சூட்டை மட்டும் அறிந்த சேறு.

பூமி இழுபட்டு மெலியும் இடங்கள் உண்டு. மெலிந்த இடம் பள்ளமாக இறங்கி, பள்ளத்தில் நீர் நின்றால் அது பிளவு ஏரி. கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கனிகா அப்படிப்பட்டது. ஆழம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். எங்கள் நிலையம் கடலடிச் சேற்றில் வெப்பம் அளந்துகொண்டிருந்தது. டாங்கனிகாவை ஆராய்கிறவர்கள் எங்கள் கருவியைக் கடன் கேட்டார்கள். கருவியோடு நாங்களும் போனோம்.

நாங்கள் ஈட்டி என்று சொன்னது இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டும் எஃகுக் கம்பி. தலையில் ஈயக் கனம். கம்பியின் பக்கத்தில் வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டிய மெல்லிய குழாய். அதற்குள் இடைவெளி விட்டு வெப்ப உணரிகளும் கூடவே ஒரு ஹீட்டர் இழையும். வடத்தில் கட்டி இறக்குவோம். அடிமட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தி எல்லா உணரிகளும் ஒரே நீரில் ஒரே எண்ணைச் சொல்லும்வரை காத்திருப்போம். பிறகு விடுவோம். ஈட்டி விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். படகு ஆடினால் ஈட்டி இழுபடாமலிருக்க வடத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடுவோம். இனி மறுபடியும் காத்திருப்பு.

குத்தும்போது உரசும். உரசினால் சூடு. திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே மூச்சில் மேலே ஏறும். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துக் கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன், முதல் தடவை, அரபிக்கடலில்.

"எதுக்குக் கத்தறேள்?" என்றார் விசாலம் மேடம், திரும்பாமலே. "குத்தினது நாமாக்கும். இப்போ அதிலே தெரியறது நம்ம சூடு. பூமியோடது இன்னும் வரலை. பேசாம இருங்கோ."

மேடம் பாலக்காட்டுக்காரர். எர்ணாகுளத்தில் நாற்பது வருஷம் இருந்தும் பேச்சில் ஆற்றங்கரை போகவில்லை. எங்கள் பிரிவின் தலைவர். கடைநிலை ஊழியன்வரை எல்லோருக்கும் "நீங்க", எல்லோருக்கும் "கோ". பாராட்டவே மாட்டார். அளவு சரியில்லை என்றால் ஒரே சொல், "மறுபடி". சரியாக இருந்தால் அந்தச் சொல் வராது, அவ்வளவுதான். அந்த வராத சொல்லுக்காக நாங்கள் உழைத்தோம்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பௌதிகம் படித்துவிட்டு எர்ணாகுளத்தில் வேலை தேடி, மின்சார வேலை தெரியும் என்று சொல்லி உள்ளே நுழைந்தேன். முதல் வருஷம் ஒரு நீர்த்தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். தொட்டி நீரை ஒரே வெப்பத்தில் நிறுத்தி வைத்து உணரிகளை அதில் இறக்கி, எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்க்கும் வேலை. பக்கத்தில் ஆள் வந்து நின்றால் அவர் உடம்புச் சூட்டில் அளவு நகரும். அதனால் அந்த அறையில் ஒருவருக்குத்தான் இடம். தனியாக இருக்கப் பழகியது அங்கேதான். பிற்பாடு அது பழக்கமாக இல்லாமல் நானாகவே ஆகிவிட்டது.

மேடம் காத்திருக்கும் முறை வேறு யாரிடமும் நான் காணாதது. ஈட்டி சேற்றில் நின்றதும் நாற்காலியைத் திருப்பித் திரைக்கு முதுகு காட்டி உட்காருவார். கைகள் மடியில். கண் திறந்திருக்கும், எதையும் பார்க்காது. நாங்கள் முதுகுக்குப் பின்னால் கோடுகள் இறங்குவதைப் பார்த்துத் தவிப்போம். போதும், இதற்கு மேல் இறங்காது, இப்போது எடுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் முந்தி எடுத்தால் சூடு அதிகமாகத் தெரியும். எல்லோருக்கும் அதிகம்தான் பிடிக்கும்.

"பஸ் வரும்போது வரும். நாம போய் இழுத்துண்டு வர முடியுமோ?"

கோடுகள் படிந்து, இனி அசைவதில்லை என்று ஆனதும் திரும்பிப் பார்ப்பார். "ஆச்சு" என்பார். அதன் பிறகு நான் ஹீட்டரைப் போட வேண்டும். ஒரு சிறு வெப்பத் துடிப்பை நாமே சேற்றுக்குக் கொடுத்து, அது எவ்வளவு வேகமாகப் பரவி மறைகிறது என்று பார்ப்போம். சேறு சூட்டை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்று அதில் தெரியும். ஆழத்தோடு வெப்பம் ஏறும் விதம் ஒன்று, கடத்தும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் பூமி அந்த இடத்தில் விடும் மூச்சு.

அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. படகில் வடத்தின் இழுவிசை காட்டும் மீட்டர் உண்டு. ஆனாலும் ஒரு மூங்கில் கம்பை வைத்திருந்தார். வடம் ஓடி நின்ற பிறகும் சேற்றில் ஈட்டி இறங்கும் கணத்திலும் கம்பின் ஒரு முனையை வடத்தில் சாய்த்து மறுமுனையைக் கையில் பிடித்தால் கீழே நடப்பது அதிர்வாக ஏறி வரும். அந்தக் கம்பை யார் பிடிப்பது என்பதில்தான் அவர் சட்டம். "ஆசை இருக்கறவா கம்பைப் பிடிங்கோ." ஆய்வுப் பட்டத்துக்கு ஓர் எண் தேவைப்பட்டு வந்த மாணவனுக்குக் கம்பு. மேடம் தாம் முன்பு எழுதிய கட்டுரை சரியா என்று சோதிக்கப் போனபோது, மூன்று நாளும் அவருக்கே கம்பு. அந்த மூன்று நாளும் திரைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஆசை உள்ளவரின் கண் திரையில் வேண்டியதைப் பார்த்துவிடும், கைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்பது அவர் கணக்கு.

டாங்கனிகாவில் எங்களோடு இருந்த ஜுமா அந்த நாட்டு நிலவியலாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். உயரமானவன், படகின் கதவுகளில் எல்லாம் தலை இடிக்கும். அவனோடு நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என் காதில் இப்போது அது தமிழாகத்தான் கேட்கிறது. அவர்கள் மொழியில் மதிப்புள்ள பெண்களை 'மாமா' என்பார்கள். முதல் நாள் அவன் மேடத்தை அப்படிக் கூப்பிட்டதும் மேடம் என்னைப் பார்த்தார்.

"என்னைப் போய் மாமாங்கறானே! மாமின்னு சொல்லச் சொல்லுங்கோ."

அன்றிலிருந்து அவன் அவரை மாமி என்றான். படகோட்டி சாலுவும் மாமி என்றார். அந்த ஏரிக்கரை முழுவதும் அவர் மாமியானார்.

நடு ஏரியில் எங்கள் நாட்கள் ஒன்றுபோலவே இருந்தன. கரை தெரியாத நீர். காற்று கிளம்பினால் படகு நகரும், நாங்கள் காற்றைத் திட்டுவோம். ஈட்டி மேலே வரும்போது தொட்டால் கடலில்போலச் சில்லென்று இருக்காது. மறந்து வைத்த சாயா மாதிரி, வெதுவெதுப்பும் இல்லாத குளிர்ச்சியும் இல்லாத ஒன்று. சேற்றை வழித்துக் கழுவுவேன். மறுபடி இறக்குவோம். சாலு இயந்திர அறையில், மேடம் முதுகு காட்டி, நான் வடம் சுற்றும் வின்ச்சுப் பெட்டியில். ஒரே படகில் தனித்தனித் தீவுகளாக இருந்தோம். யாரும் யாரையும் பார்க்காத அந்த நேரங்களில் எனக்கு ஊர் நினைவு வந்ததாகச் சொன்னால் நன்றாயிருக்கும். வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஒரு கிலோமீட்டர் வடத்தின் அந்தப்பக்கம் இருட்டில் நிற்கும் ஈட்டியோடு மட்டும் இருந்தேன்.

ஜுமாவின் ஊர் கிழக்குக் கரையில், மலைக்கும் நீருக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு வளைகுடாவில். அங்கே மின்சாரக் கம்பி வரவில்லை. மருந்தகத்தில் ஒரு ஜெனரேட்டர், டீசல் இருக்கும்வரை ஓடும். அவன் அக்கா நேமா அந்த மருந்தகத்தில் செவிலி. பிரசவம் பார்ப்பவள். கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே டார்ச்சை இடுக்கிக்கொண்டு குழந்தையை வாங்கும் கலையில் அக்காவை மிஞ்ச ஆளில்லை என்று ஜுமா சிரித்துக்கொண்டே சொல்வான். சிரித்து முடித்ததும் ஏரியைப் பார்ப்பான். ஊரின் ஓரத்தில் பாறையிடுக்கில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. அதை வைத்துத்தான் அடியில் சூடு இருக்கிறது என்று ஊர் நம்பியது. வளைகுடாவின் அடியில் சூடு நிறையக் கசிவதாக அளவு வந்தால் துளையிடும் இயந்திரம் அங்கே வரும், நீராவியில் மின்சாரம் எடுத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் இயந்திரம் வடக்கே வேறொரு கரைக்குப் போய்விடும். அது முன்பே பேசி முடித்த ஏற்பாடு. நகரத்தில் இருந்த நல்ல நிலவியல் ஆசிரியர் வேலையை விட்டு ஜுமா இந்தப் படகில் ஏறியது அதற்காகத்தான்.

வளைகுடாவை மேடம் கடைசிக்கு வைத்திருந்தார். அங்கே கரை செங்குத்தாக இறங்குகிறது. கல் எறியும் தூரத்தில் ஆடு மேய்கிறது, படகுக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழம். சாலு ஒரு கயிற்றைக் கரைப்பாறையில் கட்டினார், மறுபக்கம் நங்கூரம் போட்டார். காற்றே இல்லை. படகு ஆணியடித்ததுபோல நின்றது. இத்தனை நாள் ஆட்டத்துக்குப் பிறகு இப்படி ஒரு நிலை வாய்த்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

காலையில் முதல் குத்து. ஜுமா கம்போடு நின்றான். ஈட்டி இறங்கியதும் திரை இருண்டது. மேலேயுள்ள இணைப்பு என்று நினைத்துக் கழற்றினோம், மாட்டினோம், துடைத்தோம், சுவிட்சுகளைப் போட்டும் அணைத்தும் பார்த்தோம். ஈட்டி அதுபாட்டுக்குச் சேற்றில் நின்றது. கடைசியில் மேலே இழுத்துப் பார்த்தால் ஈட்டித் தலையில் உள்ள இணைப்பில் நீர் கசிந்திருந்தது. மாற்றினேன். சாப்பிட்டோம். பிற்பகலில் அதே இடத்தில் நின்றபடி மறுபடி இறக்கினோம்.

"போயிடுச்சு," என்றான் ஜுமா, கம்பின் மேல் கன்னத்தை வைத்து. "அலுங்காம போச்சு மாமி. வெண்ணெயில கத்தி மாதிரி."

காத்திருந்தோம். கோடுகள் படிந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆழ்ந்த உணரிகள் மேலே உள்ளவற்றைவிட வெகு தூரம் விலகி நின்றன. நடு ஏரியில் எங்கும் அப்படி இல்லை. கீழே அடுப்பு எரிவதுபோன்ற சரிவு. ஜுமா கம்பை வைத்துவிட்டு வந்து பார்த்தான். எண்ணைக் கேட்டான். சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்தான். தலை கூரையில் இடித்தது. உறைக்கவில்லை. கரையருகே போனில் சிக்னல் கிடைத்தது. மேல்தளத்துக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டான். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, ஆனாலும் "மோட்டோ" என்ற சொல் தெரியும். சூடு, நெருப்பு. அதை அவன் பாட்டுப் பாடுவதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மேடம் அசையவில்லை.

"குத்தின நேரத்துக் கோட்டை இன்னொரு தரம் காட்டுங்கோ."

காட்டினேன். ஈட்டி சேற்றில் நுழையும் கணம். எல்லாக் கோடுகளும் மேலே ஏற வேண்டிய இடம். சிறிய புடைப்பு மட்டும் இருந்தது.

"உரசலைக் காணோமே," என்றார். "நாம போனது சேத்துக்குத் தெரியவே இல்லையாக்கும். ஏன்?" புடைப்பின் மேல் விரலை வைத்து, "ஹீட்டர் பேட்டரி எப்படி இருக்கு, பாருங்கோ."

ஈட்டியை மேலே எடுத்துத் தலையைத் திறந்தேன். பேட்டரி பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்சின் முனைகள் கருகியிருந்தன, நீர் கசிந்தபோது ஒட்டிக்கொண்டு, நான் இணைப்பை மாற்றியபோது விட்டிருக்க வேண்டும். காலையில் திரை இருண்டிருந்த அத்தனை நேரமும் ஹீட்டர் கீழே எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. சேற்றைக் காய்ச்சியிருக்கிறோம். ஈட்டியை உருவியபோது குழியின் மேல்பாகத்தில் ஏரிநீர் இறங்கி அதைக் குளிர வைத்தது. அடிப்பாகம் மூடிக்கொண்டு சூட்டை வைத்துக்கொண்டது. பிற்பகலில் ஈட்டி நேராக அதே குழிக்குள் போயிருக்கிறது. வெண்ணெயில் கத்தி.

நடு ஏரியில் இது நடக்கவே நடக்காது. படகு நகராமலிருக்க வேண்டும் என்றுதான் ஆயுள் முழுக்கப் பாடுபட்டோம். ஒருநாள் உண்மையிலேயே நகராமல் நின்றது. அதில் அகப்பட்டோம்.

ஜுமா ஏணியில் இறங்கி வந்தான். முகத்தில் இன்னும் வெளிச்சம். மேடம் அவனைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ரிலேயை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டே வாக்கியம் பேசினார்.

"அது வேற இடமா இருக்கலாம் மாமி," என்றான். "ரெண்டும் ஒரே குழிதான்னு யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கலை. நீங்கதான் கம்பு பிடிச்சேள். எப்படிப் போச்சு?"

அவன் கூரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ரெண்டு அளவையும் அனுப்புங்க. ஒண்ணு வரலை, ஒண்ணு வந்தது. அவங்களே பார்த்துக்கட்டும்."

"அந்தக் குழியிலே இருக்கறது நம்ம ஹீட்டராக்கும், ஜுமா. இயந்திரத்தைக் கொண்டுவந்து தோண்டினா நேமாவுக்கு அதுலேர்ந்து லைட்டு வருமோ?"

"தெரியும் மாமி." ரிலேயை அவர் உள்ளங்கையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "எனக்குத் தெரியும். நாளைக்குக் காலை வரைக்கும் எனக்குத் தெரியாம இருக்கட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்."

மேடம் தலையசைத்தார். படகு வாடகை மறுநாளோடு முடிகிறது. கருவிகளைக் கட்டி மூட்டையாக்க வைத்திருந்த நாள் அது. மூட்டை கட்டுவது காத்திருக்கட்டும் என்றார்.

காலையில் சாலு பாறைக்கயிற்றை நீட்டிவிட்டுப் படகை வேறு பக்கம் நகர்த்தினார். நான் ரிலேயை மாற்றியிருந்தேன். மேடம் கம்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "இன்னிக்கு அவர் வேண்டாம். உட்காரட்டும்."

ஜுமா குறுக்கே கையை நீட்டினான். "ஆசை எனக்குத்தான் மாமி அதிகம். கம்பு எனக்கு."

அவர் கொடுத்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

ஈட்டியை அடிக்கு மேலே நிறுத்தினேன். உணரிகள் ஒரே எண்ணுக்கு வந்தன. விட்டேன். ஜுமா கண்ணை மூடிக்கொண்டு கம்பின் முனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவன் தோள் ஒருமுறை குலுங்கியது, கீழேயிருந்து யாரோ கையைப் பற்றிக்கொண்டதுபோல.

"பிடிச்சுது," என்றான். "கெட்டியாப் பிடிச்சுது."

பொய் சொல்லியிருக்கலாம் என்று சொல்ல வரவில்லை, திரை இருக்கிறது, பொய் நிற்காது. பேசாமலாவது இருந்திருக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. திரையில் கோடுகள் எல்லாம் ஒரே மூச்சில் மேலே ஏறின. அழகான, உயரமான சிகரம். பிறகு இறங்கத் தொடங்கின.

என் முழு வேலைக்காலத்திலும் அதுபோல ஒரு காத்திருப்பு இல்லை. கோடுகள் நிற்க வேண்டும், இதற்கு மேல் இறங்கக்கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டேன். கம்பு என் கையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்! இறங்கின. அவசரமே இல்லாமல் இறங்கி, நடு ஏரியில் நாங்கள் பார்த்துச் சலித்த அதே இடத்துக்கு வந்து, அதே சிறிய இடைவெளிகளோடு நின்றன. ஜுமா கம்பை வடத்திலிருந்து எடுக்கவே இல்லை. அதிர்வு எப்போதோ நின்றுவிட்டது.

"ஆச்சு," என்றார் மேடம், திரும்பி. எண்ணை ஒரே ஒருமுறை சொன்னார். சாதாரணம். சாதாரணத்துக்கு ஒரு நூல் மேலே. வெந்நீர் ஊற்றின் சூடு எங்கோ தொலைவிலிருந்து ஒரு விரிசல் வழியாக வந்து அந்தப் பாறையில் எட்டிப்பார்க்கிறது, ஊருக்கு அடியில் அது இல்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்து இன்னொரு முறை குத்திப் பார்த்தோம். அதே கதை. மேடத்தின் வாயிலிருந்து "மறுபடி" வரவில்லை. அன்று மட்டும் அந்தச் சொல் வரட்டும் என்று காத்திருந்தேன்.

படகு கரைக்குப் போனபோது ஊரே அங்கே நின்றது. முந்தின நாள் போனில் கேட்டதை நம்பிச் சமைத்திருந்தார்கள். பெரிய பானைகளில் மக்காச்சோளக் களி, ஏரிப் பொடிமீன் வறுத்தது, வாழைக்காய். ஜெனரேட்டருக்குத் துணி போர்த்தி யாரோ அதன் மேல் பூ வைத்திருந்தார்கள், ஓய்வு பெறப்போகிறதே என்று கேலிக்கு. மேடம் படகிலேயே இருந்தார். "நீங்க அவர்கூடப் போங்கோ. நான் வந்தா அவாளுக்கு என்னைத் திட்ட முடியாம போயிடும்," என்றார்.

ஜுமா முன்னால் நடந்தான். நேமா கூட்டத்திலிருந்து விலகி வந்தாள். அவனைப்போலவே உயரம். அவன் சொன்னான். நின்றுகொண்டே கேட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் அதற்கு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். என்ன கேட்டாள் என்று பிறகு அவனே சொன்னான். சரியா அளந்தீங்களா என்று கேட்டாளாம். இந்தக் கையாலதான் பார்த்தேன் என்றானாம்.

நேமா கூட்டத்தின் பக்கம் திரும்பி உரத்த குரலில் தானே சொன்னாள். தம்பியைச் சொல்ல விடவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒரு கிழவர் மட்டும் ஏதோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். நேமா களியை உருட்டித் தட்டில் வைத்து முதலில் என்னிடம் நீட்டினாள். சமைத்ததை என்ன செய்ய, சாப்பிடுங்கள் என்பதுபோல. பக்கத்தில் நின்று நான் உண்பதைப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும்.

"உங்க ஊருல கரண்ட் இருக்கா?"

"இருக்கு."

"அங்க அடியில எவ்வளவு சூடு?"

"தெரியாது. யாரும் அளக்கலை."

"தேவைப்படலை," என்றாள். கோபமாக இல்லை. நோயாளி சொல்வதைத் திருத்திக் குறித்துக்கொள்ளும் குரலில். இன்னும் கொஞ்சம் மீன் வைத்தாள்.

ஆட்கள் தங்கள் பானைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ஜெனரேட்டரின் மேலிருந்த பூவை ஒரு பெண் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். ஜுமா நீர்விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு மரப்படகின் மேல் உட்கார்ந்திருந்தான், வளைகுடாவைப் பார்த்து. என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தனியறையில் தொட்டிநீரோடு பழகியவனுக்கு அது எங்கிருந்து வரும்? தட்டை நடுவில் வைத்தேன். அவன் ஒரு மீனை எடுத்தான், தின்னாமல் விரலில் வைத்திருந்தான்.

"நல்ல சேறு," என்றான்.

"ஆமா," என்றேன். "நல்ல சேறுதான்."

அவன் நகர்ந்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டான்.